17 கேஜுக்கு எத்தனை இழை? – தேர்வுப் பக்கம் பற்றி ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு உங்கள் நாளிதழில் பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் வினா விடைப் பக்கம் வர ஆரம்பிக்கும். எங்கள் வீட்டில் அந்தப் பக்கத்துக்குத் தனி மரியாதை உண்டு. பத்தாவது படிக்கும் என் இளைய மகள் அதைக் கத்தரித்துப் பாடவாரியாக நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அந்த நோட்டை வாங்கிக்கொண்டு போய் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்கிறார்கள். டியூஷனுக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுக்கு அது பெரிய துணை. ஊரே நம்பிப் படிக்கிற பக்கம் என்பதால்தான் அதைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது.

அந்தப் பக்கத்தில் கேள்வி இருக்கிறது, முக்கியமானது என்று நட்சத்திரக் குறி இருக்கிறது, கீழே விடை ஐந்து வரியாக நறுக்கித் தரப்பட்டிருக்கிறது. 'ஏன்', 'எப்படி' என்று கேட்கும் கேள்விக்கும் அதே ஐந்து வரிதான். பிள்ளை யோசிப்பதற்கு அங்கே எதுவும் மிச்சமில்லை. அந்தப் பக்கத்தில் பாதியையாவது மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மேலூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். ஐ.டி.ஐ. படித்தவன். கொட்டாம்பட்டி, கருங்காலக்குடி, கீழவளவு, வெள்ளலூர் என்று சுற்றுவட்டாரத்தில் கிணற்று மோட்டாரோ போர்வெல் மோட்டாரோ எரிந்துபோனால் எங்களிடம் வரும். பெரியாறு கால்வாயில் தண்ணீர் வந்து கண்மாய் பெருகிக் கிடக்கும் மாதங்களில் வேலை குறைவு. கால்வாயை அடைத்துவிட்டால் கரும்பும் வாழையும் கிணற்றை நம்பித்தான் நிற்கும். அப்போது கடை வாசலில் மோட்டார் வரிசையாகக் கிடக்கும். அந்த நேரத்தில் கைக்கு ஆள் வேண்டும் என்று பாலிடெக்னிக் முடித்த பையன்களைச் சேர்த்துக்கொள்வேன்.

போன கோடையில் அப்படி ஒரு பையன் வந்தான். எலக்ட்ரிக்கல் டிப்ளமோ. எல்லா செமஸ்டரிலும் 90க்கு மேல். பணிவான பையன், கடை திறப்பதற்கு முன்னாலேயே வந்து வாசலில் நிற்பான். ஒருநாள் ஒரு மோனோபிளாக் மோட்டாருக்கு 17 கேஜ் காப்பர் கம்பி தேவைப்பட்டது. கேஜ் என்பது கம்பியின் தடிமனைச் சொல்லும் எண், எண் கூடக் கூடக் கம்பி மெலியும். கையிருப்பில் இல்லை. மதுரைக்கு ஆளனுப்பி வாங்கி வருவதற்குள் பொழுது போய்விடும், தோட்டத்துக்காரரோ வாழை வாடுகிறதென்று கடையை விட்டு நகராமல் நிற்கிறார். இந்த மாதிரி நேரத்தில் ஒரு தடித்த கம்பிக்குப் பதிலாக மெல்லிய கம்பியை இரண்டு மூன்று இழை சேர்த்துச் சுற்றுவது எங்கள் தொழிலில் வழக்கம். "தம்பி, 17க்குப் பதிலா எதை எத்தனை இழை போடலாம்?" என்று கேட்டேன். கேஜ் அட்டவணை சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. 17 கேஜ் என்றால் 1.422 மி.மீ. கொஞ்சம் கீழே 22 கேஜ், 0.711 மி.மீ. பார்த்ததுமே அவன் முகம் மலர்ந்துவிட்டது. "22 கேஜ் ரெண்டு இழைண்ணே. கரெக்டா பாதி" என்றான்.

பெருக்கல் சரிதான். 0.711ஐ இரண்டால் பெருக்கினால் 1.422. ஆனால் அப்படிச் சுற்றிக் கொடுத்திருந்தால் அந்த மோட்டார் தோட்டத்துக்குப் போன கொஞ்ச நாளிலேயே புகைந்திருக்கும். அவன் பார்த்தது கம்பியின் விட்டத்தை. மின்சாரத்துக்கு வழி கொடுப்பது கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு. விட்டம் பாதியானால் பரப்பு கால்பங்காகிவிடும். கால்பங்குக் கம்பி இரண்டு சேர்ந்தாலும் அரைப்பங்குதான். பரப்பு பாதியானால் மின்தடை இரண்டு மடங்கு, அதே கரண்ட் ஓடும்போது சூடும் இரண்டு மடங்கு.

நான் இதை அவனிடம் சொல்லவில்லை. "வட்டத்தோட பரப்புக்கு என்ன ஃபார்முலா?" என்று மட்டும் கேட்டேன். "பை ஆர் ஸ்கொயர்ண்ணே." கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்தது. "சரி, அந்தக் கம்பிய நறுக்கினா முனை என்ன வடிவத்துல இருக்கும்?" கையிலிருந்த துண்டுக் கம்பியின் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் சாக்பீஸை எடுத்துத் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தான். 1.422க்கு ஒரு பரப்பு, 0.711க்கு ஒரு பரப்பு. அழித்து அழித்து மறுபடியும் போட்டான். "ரெண்டு இழை போட்டா பாதிதான்ணே வருது. 22ல நாலு இழை வேணும்" என்றான். "நாலு இழை போட்டா மேல்பூச்சு எனாமலும் இடைவெளியுமே கம்பி உட்கார்ற ஸ்லாட்டை அடைச்சுக்கும். வேற பாரு" என்றேன். அட்டவணையில் மேலும் கீழும் விரலை ஓட்டி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, 19 கேஜில் வந்து நின்றான். 1.016 மி.மீ., இரண்டு இழை. கணக்கு ஏறக்குறைய அப்படியே பொருந்தியது. நாங்கள் போடுவதும் அதுதான்.

சாயங்காலம் டீ குடிக்கும்போது அவனே சொன்னான்: "பை ஆர் ஸ்கொயர் சின்ன வகுப்புலேருந்து படிச்சிருக்கேண்ணே. மின்தடை பரப்புக்கு எதிர்விகிதம்னு பத்தாவதுலயும் எழுதியிருக்கேன், டிப்ளமோலயும் எழுதியிருக்கேன். ரெண்டும் இந்தக் கம்பியப் பத்தின விஷயம்னு இன்னைக்குத்தான்ணே தெரியுது."

அந்தப் பையனைச் சோம்பேறி என்றோ மண்டு என்றோ யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தரையில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் 19 கேஜைக் கண்டுபிடித்தவன் அவன். இத்தனை வருடப் படிப்பில் அந்தக் கேள்வியை அவனிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். கணக்குப் பரீட்சையில் பரப்பு கேட்டார்கள், அறிவியல் பரீட்சையில் மின்தடை கேட்டார்கள். இரண்டுக்கும் முழு மதிப்பெண் வாங்கினான். கேட்டதைக் கொடுத்தான்.

மதுரையில் பி.எட். படிக்கும் என் மூத்த மகளிடம் இதைச் சொன்னேன். "அப்பா, இதப் பத்தி எங்களுக்குப் பாடமே இருக்கு" என்று ஆர்வமாக விளக்கினாள். 1976இல் சுவீடன் நாட்டு கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில் ஃபெரன்ஸ் மார்ட்டன், ரோஜர் சால்யோ என்ற இரண்டு பேர் வெளியிட்ட ஆய்வு அது. மாணவர்களிடம் ஒரு கட்டுரையைக் கொடுத்து, வாசித்து முடித்ததும் கேள்வி இருக்கிறது என்று சொல்லி வாசிக்கச் சொன்னார்கள். பிறகு ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்காரவைத்து, என்ன புரிந்தது, எப்படி வாசித்தாய் என்று பேசினார்கள். சிலர், கேட்டால் சொல்ல வேண்டுமே என்று வரிகளையும் விவரங்களையும் மனதில் பிடித்துவைக்கப் பார்த்திருந்தார்கள். வேறு சிலர், எழுதியவர் என்ன சொல்ல வருகிறார், அதற்கு என்ன ஆதாரம் காட்டுகிறார் என்று தேடிக்கொண்டே வாசித்திருந்தார்கள். முன்னதை மேலோட்டமான அணுகுமுறை என்றும் பின்னதை ஆழ்ந்த அணுகுமுறை என்றும் ஆய்வாளர்கள் பிரித்தார்கள். மேலோட்டமாக வாசித்தவர்களுக்குக் கட்டுரையின் மையக் கருத்து பிடிபடாமல் போனது. காரணம் அவர்கள் அதைத் தேடவே இல்லை.

என்னை உட்காரவைத்தது அவள் சொன்ன அடுத்த ஆய்வுதான். அதே ஆய்வாளர்கள் இன்னொரு முறை மாணவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். வாசிக்க வேண்டிய பாடம் ஒன்றுதான். ஒரு குழுவிடம் ஒவ்வொரு பகுதி முடிந்ததும் நுணுக்கமான விவரங்களைக் கேட்டார்கள். மற்றக் குழுவிடம் இதில் வாதம் எப்படிப் போகிறது, முடிவு எங்கிருந்து வருகிறது என்று கேட்டார்கள். விவரம் கேட்கப்பட்டவர்கள் போகப் போக விவரத்தை மட்டும் பொறுக்கி வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த கேள்வி எப்படி வரும் என்று தெரிந்த பிறகு அதற்குத் தகுந்தபடிதானே யாரும் வாசிப்பார்கள்? பிள்ளைகளில் ஆழமாகப் படிக்கிறவன், மேலோட்டமாகப் படிக்கிறவன் என்று இரண்டு பிறவி இல்லை. ஒரே பிள்ளை, கேட்கிற கேள்வியைப் பொறுத்து மாறுகிறான்.

மற்றக் குழுவில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர் சீர்திருத்தங்களுக்கு அது பொருந்துகிறது. அவர்களில் சிலர் உண்மையாகவே ஆழமாக வாசித்தார்கள். இன்னும் சிலர், சுருக்கம் கேட்பார்கள் என்று தெரிந்ததும் சுருக்கம் சொல்லும் வித்தையை மட்டும் பழகிக்கொண்டார்கள். பாடத்துக்குள் போகவில்லை. கேள்வியால் ஒருவரை மேலோட்டமாக்குவது சுலபம், ஆழத்துக்குக் கொண்டுபோவது அவ்வளவு சுலபமில்லை என்று என் மகள் சொன்னாள்.

எங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். இளையவளுக்குக் காலாண்டுத் தேர்வில், வீட்டில் மின்சாதனங்களை ஏன் பக்க இணைப்பில் இணைக்கிறோம் என்று ஒரு இரண்டு மதிப்பெண் கேள்வி. அவள் சின்ன வயதிலிருந்து கடைக்கு வந்து போகிறவள். எங்கள் டெஸ்ட் லேம்ப் இரண்டைத் தொடராக மாட்டி விளையாடியிருக்கிறாள். அதையே எழுதினாள். இரண்டு பல்பைத் தொடராக இணைத்தால் இரண்டும் மங்கலாக எரியும், ஒன்றைக் கழற்றினால் மற்றதும் அணைந்துவிடும், வீட்டிலும் அப்படி இணைத்தால் மிக்சியை நிறுத்தும்போது ஃபேனும் நின்றுவிடும், ஆகவே எல்லாவற்றுக்கும் முழு வோல்டேஜ் கிடைக்கவும் ஒன்றை நிறுத்தினால் மற்றது நிற்காமல் இருக்கவும் பக்க இணைப்பு வேண்டும் என்று. ஒரு மதிப்பெண் குறைத்து, ஓரத்தில் சிவப்பு மையில் 'புத்தகத்தில் உள்ளபடி எழுதவும்' என்று எழுதியிருந்தது. அரையாண்டில் அதே கேள்வி வந்தது. புத்தக வரிகளை அப்படியே எழுதி இரண்டுக்கு இரண்டு வாங்கிக்கொண்டு வந்தாள். "கடையில பாத்ததெல்லாம் எழுதக் கூடாதுப்பா" என்று என்னிடமே பாடம் சொன்னாள்.

பள்ளிக்கூடத்துக்குப் போய் அந்த ஆசிரியையைப் பார்த்தேன். சண்டை பிடிக்கப் போகவில்லை, தெரிந்துகொள்ளத்தான் போனேன். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். "புரிஞ்சுதான் எழுதியிருக்கான்னு எனக்கே தெரியுதுங்கய்யா. பொதுத்தேர்வுல இவ பேப்பர் எங்கயோ போகும். கட்டுக் கட்டா திருத்துறவங்க விடைக்குறிப்புல இருக்குற வார்த்தையைத்தான் கண்ணால தேடுவாங்க. அங்க மார்க் போயிரக் கூடாதுன்னுதான் இங்கயே குறைச்சேன்." அவர் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. என் பிள்ளைக்கு நல்லது நினைத்துத்தான் செய்திருக்கிறார். பிள்ளை மேல் அக்கறை உள்ள ஆசிரியரே இப்படிச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் என் மனதை உறுத்துகிறது.

அரசாங்கம் இதைக் கவனிக்காமல் இருந்ததாகச் சொல்ல முடியாது. 2017இல் முதல் மூன்று இடம் யார் என்று அறிவிப்பதை நிறுத்தினார்கள். பிளஸ் டூ மதிப்பெண்ணை 1200இலிருந்து 600 ஆக்கினார்கள். எந்தப் பாடத்திலிருந்து எத்தனை கேள்வி என்று முன்கூட்டியே சொல்லும் புளூபிரிண்டை எடுத்தார்கள். பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலே பிளஸ் டூ பாடத்தை இரண்டு வருடம் உருப்போடவைக்கின்றன என்பதால் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025இல் வந்த மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தத் தேர்வு போய்விட்டது. பிள்ளைகளுக்குப் பாரம் குறைந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். பழைய பழக்கம் திரும்பி வராமல் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். முனைவர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழு வழிகாட்டி, 2018இலும் 2019இலும் வந்த புதுப் பாடப்புத்தகங்களை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். நல்ல புத்தகங்கள். படங்கள், செயல்பாடுகள், செல்போனில் காட்டினால் விரியும் கியூஆர் கட்டங்கள் என்று அக்கறையாகச் செய்திருக்கிறார்கள்.

புத்தகம் வந்த சூட்டோடு அதற்கு நோட்ஸும் வந்துவிட்டது. பாடத்துக்கு உள்ளிருந்து கேள்வி வரும் என்றார்கள். சரி, பின்பக்கக் கேள்விகளோடு உள்ளே இருக்கும் வரிகளையும் சேர்த்து உருப்போடு என்று ஆனது. 'கிரியேட்டிவ் கேள்வி' என்று ஒரு தலைப்பு போட்டு அதற்கும் விடையோடு புத்தகம் விற்கிறார்கள். கோத்தன்பர்க்கில் சுருக்கம் சொல்லும் வித்தையைப் பழகிக்கொண்ட மாணவர்கள் செய்ததைத்தான் நாம் மொத்தமாகச் செய்கிறோம். இதில் நாளிதழ்களுக்கும் பங்கிருக்கிறது, தவறாக நினைக்க வேண்டாம். பொதுத்தேர்வில் ஒரு கேள்வி கொஞ்சம் திரும்பி வந்துவிட்டால் மறுநாள் எல்லாப் பத்திரிகைகளிலும் 'கேள்வித்தாள் கடினம், மாணவர்கள் கலக்கம்' என்று செய்தி. கேள்வி எடுத்தவர் அடுத்த வருடம் துணிவாரா?

என் கடையில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். வேலையில் இறங்கிவிட்டால் ஆழம் தானாக வந்துவிடும் என்று படித்தவர்கள் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வராது. பழைய காயிலைப் பிரிக்கும்போது சுற்றை எண்ணி, கேஜைப் பார்த்து, அதேபோலத் திரும்பச் சுற்றி வருடக்கணக்காகப் பிழைப்பு நடத்துகிற கைகள் எங்கள் தொழிலில் நிறைய உண்டு. வேலை சுத்தமாக இருக்கும். ஆனால் வேறு எங்கோ காயிலைப் பிரித்து வீசிவிட்டு, வெறும் ஸ்டேட்டராக (சுற்றாமல் நிற்கும் வெளிப்பகுதி, காயில் இருப்பது அதில்தான்) ஒரு மோட்டார் வந்தால் அவர்களுக்குக் கை ஓடாது. எண்ணுவதற்குச் சுற்று இல்லையே. கோரின் நீளம், உள்விட்டம், ஸ்லாட் எண்ணிக்கை எல்லாவற்றையும் அளந்து இதற்கு எத்தனை சுற்று வேண்டும் என்று கணக்குப் போட, ஒவ்வொன்றும் எதற்கு இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பார்த்துச் செய்வதும் ஒருவகை மனப்பாடம்தான், கையால் செய்யும் மனப்பாடம்.

அதனால் புதிதாக வரும் பையன்களிடம் முதல் நாளே ஒரு கேள்வியைக் கொடுத்துவிடுகிறேன். நாலு போல், அதாவது நாலு காந்த முனை உள்ள மோட்டாருக்கு ஃபார்முலாவில் போட்டால் வேகம் நிமிடத்துக்கு 1500 சுற்று வரும். 120ஐ நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸால் பெருக்கி நாலால் வகுத்தால் தீர்ந்தது, எல்லோருக்கும் தெரியும். ஆனால் மோட்டாரின் பெயர்த்தகட்டில் 1440 என்று அடித்திருக்கும். மிச்சம் 60 எங்கே போனது? உடனே வரும் பதில், "லாஸ்ணே." "என்ன லாஸ்?" என்றால் உராய்வு, பேரிங், காற்று என்று அடுக்குவார்கள். அதற்குமேல் நான் எதுவும் சொல்வதில்லை. அவசரமில்லை, வேலை செய்துகொண்டே யோசி என்று விட்டுவிடுவேன். சொன்னேனே, அந்த 17 கேஜ் பையன், மறுநாள் காலையில் வண்டியை நிறுத்தக்கூட இல்லை, "அண்ணே, அது 1500ல ஓடவே முடியாதுண்ணே" என்றான். ஸ்டேட்டரில் காந்தப்புலம் 1500இல் சுற்றுகிறது. உள்ளே சுற்றுகிற ரோட்டார் அதைவிடப் பின்தங்கினால்தான் புலம் ரோட்டார் கம்பிகளை வெட்டும், வெட்டினால்தான் அவற்றில் கரண்ட் தூண்டப்படும், கரண்ட் வந்தால்தான் சுற்றுகிற விசை. இரண்டும் ஒரே வேகத்தில் போனால் வெட்டு இல்லை, விசை இல்லை. பாரம் கூடினால் இன்னும் கொஞ்சம் பின்தங்கும், அதற்கேற்ற விசை வரும். 'நழுவல்' என்று அவன் பாடப்புத்தகத்திலேயே இருந்த விஷயம்தான், பரீட்சையில் வரையறை எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறான். ஒரு ராத்திரி கேள்வியோடு படுத்து எழுந்த பிறகுதான் அது அவனுக்குச் சொந்தமானது.

மனப்பாடமே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கேஜ் அட்டவணை எனக்கு மனப்பாடம். வாய்பாடு தெரியாத பிள்ளை கணக்கில் யோசிக்க வேண்டிய இடத்துக்குப் போவதற்குள் களைத்துவிடும். சீன மாணவர்கள் உருப்போடுகிறவர்கள் என்று மேலைநாட்டு ஆய்வாளர்கள் முதலில் நினைத்தார்களாம். அதே மார்ட்டனும் ஹாங்காங்கில் வேலை பார்த்த ஜான் பிக்ஸ் போன்றவர்களும் கூர்ந்து கவனித்தபோது, அவர்களில் பலர் புரிந்துகொள்வதற்காகவே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. நமக்கும் இது புதிதில்லை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலில் மாணவன் எப்படிப் படிக்க வேண்டும் என்று தனியாகவே இருக்கிறது. பாடத்தைப் போற்றி மனதில் வைக்கச் சொல்கிறது. கேட்டதைத் திரும்ப நினைக்கவும், கேள்வி கேட்கவும், பிறர் கேட்டால் விடை சொல்லவும் சொல்கிறது. ஆசிரியர் சொன்னதை நன்றாக வாங்கிக்கொண்டாலும் கால்பங்குப் புலமைதான் வருமாம். கூடப் படிப்பவர்களோடு பழகினால் இன்னொரு கால். தான் படித்ததைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் மீதி அரைப்பங்கு. அந்தப் பாதிக்கு இன்றைக்கு நம் வகுப்பறையில் எந்தப் பீரியட் இருக்கிறது?

தேர்வுத் துறை அதிகாரிகள் இதைப் படிப்பார்கள் என்றால் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பாடத்தின் விடைக்குறிப்பிலும் முதல் வரியாக, சொந்த வாக்கியத்தில் எழுதியிருந்தாலும் கருத்து சரியாக இருந்தால் முழு மதிப்பெண் என்று போடுங்கள். அதைத் திருத்துகிறவர்களுக்கு மட்டும் சொன்னால் போதாது, தேர்வுக்கு முன்பே பள்ளிகளுக்கும் பிள்ளைகளுக்கும் தெரிய அறிவியுங்கள். அந்த ஒரு வரி அச்சில் கண்ணில் பட்டால் என் மகளின் ஆசிரியை அந்தச் சிவப்பு மையை எடுத்திருக்க மாட்டார்.

உங்களிடம் கேட்பது இதுதான். வினா விடைப் பக்கத்தில் பாதி இப்போது இருப்பதுபோலவே இருக்கட்டும். தேர்ச்சி பெறவே தவிக்கிற பிள்ளைக்கு அது வேண்டும், அதில் கை வைக்காதீர்கள். மறுபாதியில் விடை இல்லாத கேள்விகளைப் போடுங்கள். விடையை அடுத்த வாரமும் போட வேண்டாம். பிள்ளைகள் எழுதி அனுப்பும் பதில்களில் இரண்டு மூன்றை அவர்கள் எழுதியபடியே, பிழையோடு வந்தாலும் பரவாயில்லை, அச்சிடுங்கள். எது சரி, எங்கே தடுமாற்றம் என்று ஒரு ஆசிரியர் கீழே நாலு வரி எழுதட்டும். கேள்விக்குப் பஞ்சம் வராது. அறிவியலுக்கு நானே சில எழுதித் தருகிறேன். சன்மானம் எதுவும் வேண்டாம். மாதிரிக்கு மூன்று:

100 வாட் குண்டு பல்பு ஒன்று, 40 வாட் குண்டு பல்பு ஒன்று. இரண்டையும் தொடராக இணைத்து வீட்டு மின்சாரம் கொடுத்தால் எது அதிக வெளிச்சமாக எரியும்? ஏன்?

1895இல் பெரியாறு அணை கட்டி முடிந்து, மேற்கே ஓடிய தண்ணீர் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பப்பட்டது. அந்தத் தண்ணீர் வராமலே போயிருந்தால் உங்கள் ஊரில் இன்றைக்கு என்ன பயிர் இருக்கும், எந்தத் தெரு இருக்காது? ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு எழுதுங்கள்.

17 கேஜ் கம்பிக்குப் பதில் 22 கேஜ் கம்பி எத்தனை இழை வேண்டும்? இந்தக் கடிதத்தைப் படிக்காத தங்கைக்கோ தம்பிக்கோ புரியும்படி விளக்குங்கள்.

ஒவ்வொரு கேள்விக்கும் கீழே, 'புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம், யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மோட்டார் காயில் கட்டும் தொழிலாளி ஒருவர்,
மேலூர், மதுரை மாவட்டம்.